டிராயிங்கை இறக்குவதற்கு முன்னால்: அமெரிக்க ராணுவ டெண்டரில் கட்டுப்பாட்டுத் தரவை எங்கே வைப்பது, யாருக்குக் காட்டுவது?

இங்கே ஒஹையோவில் வெள்ளிக்கிழமை இரவு, கோவையில் சனிக்கிழமை காலை. கணபதியில் மெஷின் ஷாப் வைத்திருக்கும் என் மச்சினன் போனில் இருந்தான். "மாமா, அந்த பிராக்கெட் டிராயிங்கை வாட்ஸ்அப்புல போட்டு உடுங்க. மத்தியானத்துக்குள்ள ரேட் சொல்லிப் போடறேன்" என்றான்.

அவன் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. பம்ப் பாகங்களுக்கும் கார் பாகங்களுக்கும் பல வருடமாக இப்படித்தான் விலை பேசிக்கொள்கிறோம். அந்த பிராக்கெட்டும் பெரிய ரகசியம் இல்லை. உள்ளங்கை அளவு அலுமினியத் துண்டு, இரண்டு வளைவு, நாலு ஓட்டை, மேலே அனடைசிங் என்ற பாதுகாப்புப் பூச்சு. ஆனால் டிராயிங்கின் ஓரத்தில் கட்டம் போட்டு ஓர் எச்சரிக்கை இருந்தது. இதில் உள்ள தொழில்நுட்பத் தரவை ஏற்றுமதி செய்வது ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டது, மீறினால் கடும் குற்றத் தண்டனை என்று. அதற்குக் கீழே 'விநியோக அறிக்கை டி': பாதுகாப்புத் துறைக்கும் அதன் அமெரிக்க ஒப்பந்ததாரர்களுக்கும் மட்டும்.

அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்பதை அவனுக்கு விளக்க அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரப் பேச்சைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். எங்களுடையது பதினாலு பேர் வேலை செய்கிற பட்டறை. விலைப்புள்ளி போடுவதும் இந்தச் சட்டங்களைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. அமெரிக்காவில் சின்ன நிறுவனம் நடத்தும் தமிழர்கள், அவற்றில் வேலை செய்பவர்கள், கோவையிலும் ஓசூரிலும் இருந்துகொண்டு அமெரிக்க நண்பரின் டிராயிங்குக்கு விலை சொல்பவர்கள் எல்லோருக்கும் இது நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். வழக்கறிஞர் சொல்ல வேண்டியதை நான் சொல்ல முடியாது. எந்த வழியில் என்ன வசதி, எங்கே குழி என்று சொல்ல முடியும்.

விலை கேட்கும்போதே ஏற்றுமதி நடந்துவிடுகிறது

ஏற்றுமதி என்றதும் நமக்குத் தூத்துக்குடித் துறைமுகமும் கண்டெய்னரும்தான் நினைவுக்கு வரும். இந்தச் சட்டத்தில் அப்படி இல்லை. டிராயிங்கை மின்னஞ்சலில் வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஏற்றுமதி. அனுப்பாமல், ஒஹையோவிலேயே பக்கத்து மேஜையில் எச்-1பி விசாவில் இருக்கும் நண்பருக்குத் திரையில் காட்டினாலும், அது அவருடைய நாட்டுக்குச் செய்த ஏற்றுமதியாகவே எடுத்துக்கொள்ளப்படும். வாயால் விளக்கினாலும் அதே கதைதான்.

சட்டம் இரண்டு வகை. ஐடார் (ITAR, ஆயுத ஏற்றுமதி விதிகள்) என்பது வெளியுறவுத் துறையின் கையில் இருக்கிறது. ராணுவப் பொருட்களை 21 பிரிவுகளாகப் பட்டியல் போட்டிருக்கிறது. ஈஏஆர் (EAR, பொது ஏற்றுமதி விதிகள்) வணிகத் துறையுடையது. ராணுவத்துக்கும் பொதுப் பயன்பாட்டுக்கும் பொதுவான பொருட்கள் அதில் வரும். 2013 அக்டோபரில் நடந்த சீர்திருத்தத்தில் ஏராளமான ராணுவ விமான உதிரி பாகங்கள் ஐடாரிலிருந்து ஈஏஆருக்கு நகர்ந்தன. அதனால் ஒரே மாதிரி எச்சரிக்கைக் கட்டம் போட்ட இரண்டு டிராயிங்கில் ஒன்று இந்தச் சட்டத்திலும் இன்னொன்று அந்தச் சட்டத்திலும் இருக்கலாம். டெண்டரைப் படித்தால் தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பாதுகாப்புத் துறை ஒப்பந்தங்களில் வரும் 252.225-7048 என்ற நிபந்தனை, சட்டத்தைக் கடைப்பிடிப்பது ஒப்பந்ததாரரின் பொறுப்பு, சந்தேகம் இருந்தால் அந்தந்தத் துறையைக் கேளுங்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. எந்தப் பட்டியல், எந்த எண் என்பதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். தெரியும்வரை ஐடார் என்றே வைத்து நடந்துகொள்வது எங்கள் வழக்கம்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். இணையப் பாதுகாப்பு விதிகளில் முக்கியமானவை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நம்மைக் கட்டும். ஒப்பந்தத்தில் வரும் 252.204-7012 நிபந்தனை, நிஸ்ட் என்ற அமெரிக்கத் தரநிலை அமைப்பின் 800-171 ஆவணத்தில் உள்ள 110 பாதுகாப்புத் தேவைகள், 72 மணி நேரத்துக்குள் ஊடுருவலை அறிவிக்கும் கடமை எல்லாம் அந்த வகை. ஏற்றுமதிச் சட்டமோ டிராயிங் நம் கைக்கு வந்த நிமிடத்திலிருந்து கட்டும். வேலை கிடைக்குமா என்றே தெரியாது, ஒரு டாலர் வந்திருக்காது, ஆனால் முழுப் பொறுப்பும் தலையில். ஒரு மீறலுக்கு 20 வருடம் வரை சிறை, 10 லட்சம் டாலர் வரை அபராதம் என்பது சட்டத்தில் உள்ள உச்ச வரம்பு.

விலை கேட்கும் கட்டத்தில் தடுக்கி விழுந்தவர்கள் சின்னப் பட்டறைகள் மட்டும் இல்லை. ஹனிவெல் நிறுவனம் 2021-இல் வெளியுறவுத் துறையோடு 1 கோடியே 30 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. கொள்முதல் பிரிவினர் சப்ளையர்களிடம் விலைப்புள்ளி கேட்டபோது, எஃப்-35, எஃப்-22 போன்ற விமானங்களுக்கான பாகங்களின் டிராயிங்குகள் சீனா உட்பட வெளிநாடுகளுக்குப் போய்விட்டன. 2023 பிப்ரவரியில் 3டி சிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியுறவுத் துறையோடு மட்டும் 2 கோடி டாலருக்குச் சமரசம் செய்தது. அதன் குவிக்பார்ட்ஸ் பிரிவு, விலை வாங்குவதற்காக வாடிக்கையாளர்களின் டிராயிங்குகளைச் சீனாவில் இருந்த கூட்டு நிறுவன அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தது. இரண்டு இடத்திலும் அடிப்படைக் காரணம் ஒன்றே: விலை கேட்பவருக்கு அது ஏற்றுமதி என்று தோன்றவே இல்லை.

டிராயிங் எப்படி நம் கைக்கு வருகிறது

அமெரிக்க அரசின் டெண்டர்கள் சாம் டாட் கவ் (SAM.gov) என்ற அரசு கொள்முதல் தளத்தில் வருகின்றன. அறிவிப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். டிராயிங் மட்டும் 'கட்டுப்படுத்தப்பட்ட இணைப்பு' என்று பூட்டியிருக்கும். நாம் அனுமதி கேட்க வேண்டும், ஒப்பந்த அதிகாரி திறந்துவிட வேண்டும். ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்று குறிக்கப்பட்டிருந்தால் ஜேசிபி சான்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது அமெரிக்காவும் கனடாவும் 1985-இல் சேர்ந்து ஏற்படுத்திய சான்றிதழ்த் திட்டம். அதன் அலுவலகம் மிச்சிகனில் பேட்டில் கிரீக்கில் இருக்கிறது. டிடி 2345 என்ற படிவம். 5 வருடம் செல்லும். அந்தப் படிவத்தில் தரவுப் பொறுப்பாளர் என்று ஒருவரைக் காட்ட வேண்டும். எங்கள் பட்டறையில் அது நான்.

ராணுவத்துக்கு உதிரி பாகங்கள் வாங்கும் டிஎல்ஏ (DLA) அமைப்புக்குத் தனி டெண்டர் தளம் இருக்கிறது. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு டிராயிங் வேண்டுமென்றால் ஜேசிபிக்கு மேல் அவர்கள் தனியாகப் பயிற்சியும் கேள்வித்தாளும் கேட்கிறார்கள். ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். சாம் பதிவு, ஜேசிபி சான்று, வெளியுறவுத் துறையின் ஐடார் பதிவு மூன்றும் வேறு வேறு. ஐடார் பட்டியலில் உள்ள பொருளைத் தயாரிக்கிறவர், ஒரு துண்டுகூட ஏற்றுமதி செய்யாவிட்டாலும், வெளியுறவுத் துறையில் பதிவு செய்ய வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து அதன் அடிப்படைக் கட்டணம் வருடத்துக்கு 3,000 டாலர். ஜேசிபி இருக்கிறதே, போதாதா என்று கேட்கும் பட்டறைக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். போதாது.

வழிகள்: எளியதிலிருந்து கடினமானது வரை

முதல் வழி, கட்டுப்பாட்டு டிராயிங் உள்ள டெண்டர்களைத் தொடாமலே விடுவது. இதைக் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். 'விநியோக அறிக்கை ஏ' போட்ட டிராயிங்குகள் பொதுவெளிக்கு உரியவை. டிராயிங்கே இல்லாமல், ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட பாக எண்ணை வாங்கித் தரும் டெண்டர்களும் நிறைய உண்டு. அரசு வேலைக்குப் புதிதாக வரும் நிறுவனம் முதல் வருடம் இவற்றிலேயே பழகலாம். பேக்கிங் விதி, லேபிள், தரச் சோதனை, பணம் வரும் முறை எல்லாம் கைக்குப் பழகும். குறை என்னவென்றால், மெஷின் ஷாப்புக்கு நல்ல லாபம் தரும் வேலைகள் பெரும்பாலும் பூட்டிய டிராயிங்குக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

இரண்டாவது, எல்லாச் சான்றும் வைத்திருக்கும் பெரிய பட்டறைக்குக் கீழே துணை ஒப்பந்தம் எடுப்பது. சிலர் இதைத் தப்பிக்கும் வழியாக நினைக்கிறார்கள். அவர் டிராயிங் கொடுத்தால் பாதுகாக்க வேண்டிய கடமையும் அதோடு சேர்ந்து வருகிறது. படிவ வேலை குறையும், பொறுப்பு குறையாது.

மூன்றாவது, தனிக் கணினி. எங்கள் பட்டறை எடுத்த வழி இது என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியும்.

யோசனை எளிமையானது. கட்டுப்பாட்டு டிராயிங்குக்கென்று ஒரே ஒரு கணினி. வட்டு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். வைஃபை கிடையாது. டிராயிங்கைப் பதிவிறக்கும் நேரத்தில் மட்டும் கம்பி வழியாக இணையம், முடிந்ததும் கம்பியைக் கழற்றிவிடுவோம். பிரிண்டர் நேரடியாகக் கேபிளில். அச்செடுத்த ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண், பதிவேட்டில் ஒரு வரி, பூட்டும் இரும்பு அலமாரி. அறைக்குள் போக அனுமதி உள்ளவர் நாலு பேர்.

எழுதும்போது சுலபம். முதல் தடவை செய்தபோது நாங்களே சறுக்கினோம். டிராயிங்கை இறக்கி டெஸ்க்டாப்பில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து, திரையின் மூலையில் ஒரு சின்ன மேகக் குறி கண்ணில் பட்டது. டெஸ்க்டாப் கோப்புறை முழுவதும் தானாகவே சாதாரண மேகச் சேமிப்புக்குப் பிரதி எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. கணினி வாங்கியபோதே அந்த வசதி திறந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. வயிற்றைப் பிசைந்தது. வழக்கறிஞரைக் கூப்பிட்டோம். அந்தக் கணக்கை வேறு யாரும் திறக்கவில்லை என்பதற்கான பதிவுகளை எடுத்தோம், நடந்ததை நாள் நேரத்தோடு எழுதி வைத்தோம், பிரதியை அழித்தோம். அதற்குப் பிறகு எங்கள் முதல் விதி: இறக்குவதற்கு முன்னால் கணினியில் என்னென்ன தானாக ஓடுகிறது என்று பார். பிரவுசரின் டவுன்லோட் கோப்புறை, மின்னஞ்சலின் முன்னோட்டம், போனில் எடுத்த போட்டோ தானாகப் பிரதியாவது, பிரிண்டரின் உள் நினைவகம், நாலும் அந்தப் பட்டியலில் உண்டு.

தனிக் கணினியின் பெரிய சிக்கல் வெளி வேலைகள். பிராக்கெட்டை நாங்கள் வெட்டிவிடலாம், அனடைசிங் வெளியேதான் செய்ய வேண்டும். விலை போட வேண்டுமென்றால் அந்தக் கடைக்காரரிடம் விலை கேட்க வேண்டும். அவருக்கு டிராயிங் அனுப்பினால் அவர் பட்டறையில் யார் யார் பார்ப்பார்கள் என்பதும் நம் கவலையாகிவிடும். இதற்கு நாங்கள் கண்ட வழி: விலைக் கட்டத்தில் டிராயிங்கே அனுப்புவதில்லை. அலுமினியத்தின் ரகம், தோராயமான பரப்பளவு, மில் 8625 டைப் 3 என்ற அனடைசிங் தரம், எத்தனை துண்டு, அவ்வளவுதான். அனடைசிங்காரருக்கு விலை சொல்ல இது போதும். வேலை கிடைத்த பிறகு, அவருடைய சான்றுகளைப் பார்த்துவிட்டு, தேவையான பக்கம் மட்டும் போகும்.

இன்னொன்று, டிராயிங்கிலிருந்து நாம் உண்டாக்கும் 3டி மாடலும் சிஎன்சி நிரலும் அதே கட்டுப்பாட்டில்தான் வரும். எச்சரிக்கைக் கட்டம் அவற்றில் தானாக ஒட்டிக்கொண்டு வராது. நாம்தான் ஒட்ட வேண்டும். மெஷினின் நினைவகத்தில் நிரல் உட்கார்ந்திருக்க, சர்வீஸ் இன்ஜினியர் வெளிநாட்டிலிருந்து ரிமோட்டில் நுழைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். விலைக் கட்டத்தில் இது அவ்வளவாக வராது. வேலை கிடைத்த மறுநாள் வாசலில் வந்து நிற்கும்.

நாலாவது, அரசுக்கென்று உள்ள மேகம். மைக்ரோசாஃப்ட்டின் ஜிசிசி ஹை, அமேசானின் கவ்கிளவுட் போன்றவை. சாதாரண மைக்ரோசாஃப்ட் சந்தாவில் ஐடாருக்கு ஒப்பந்த உறுதி கிடையாது, ஜிசிசி ஹையில் உண்டு. மாதக் கட்டணம் கூடுதல், குடிபெயர்வதும் லேசான வேலை இல்லை. பழைய மின்னஞ்சல், டெம்ப்ளேட், கணக்கு மென்பொருளோடு உள்ள இணைப்பு எல்லாம் ஒருமுறை உடைந்து மறுபடி ஒட்டும். ஆனால் இரண்டு ஊரில் இருந்து மதிப்பீடு செய்யும் குழுவுக்கும், வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு டெண்டர் பார்க்கும் நிறுவனத்துக்கும் தனிக் கணினி தாங்காது. வேலை கிடைத்த பிறகு எப்படியும் இந்தப் பக்கம்தான் வர வேண்டியிருக்கும். ஒப்பந்ததாரரின் இணையப் பாதுகாப்பை நிலை நிலையாகச் சான்றளிக்கும் சிஎம்எம்சி (CMMC) விதி 2025 நவம்பர் 10 முதல் பாதுகாப்புத் துறை டெண்டர்களில் படிப்படியாக நுழைகிறது. இரண்டாம் நிலை கேட்கும் டெண்டரில், அந்த நிலை கையில் இல்லாத நிறுவனத்துக்கு ஒப்பந்தம் தர மாட்டார்கள். 2026 நவம்பரிலிருந்து பல டெண்டர்களில் சுயமதிப்பீடு போதாது, வெளி மதிப்பீட்டாளரின் சான்று வேண்டும். தனிக் கணினியிலேயே விலைப்புள்ளி போட்டுக்கொண்டிருந்தாலும் இந்த நாள்களை நாட்காட்டியில் குறித்து வைத்திருங்கள்.

ஐந்தாவது வழியைப் பற்றித்தான் அதிகமாகத் தவறான பேச்சு கேட்கிறேன்: குறியாக்கம் செய்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று. பாதி உண்மை. 2020 மார்ச் 25 முதல் ஐடாரில் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. ரகசிய வகைப்பாடு இல்லாத தரவை அனுப்புபவரிடமிருந்து பெறுபவர்வரை இடையில் எங்கும் திறக்காதபடி, சொல்லப்பட்ட தரத்தில் குறியாக்கம் செய்து அனுப்பினாலோ சேமித்தாலோ அது ஏற்றுமதி ஆகாது. தடை செய்யப்பட்ட நாடுகளிலும் ரஷ்யாவிலும் வேண்டுமென்றே சேமிக்கக் கூடாது. ஈஏஆரில் இதே போன்ற விதி 2016-லேயே வந்துவிட்டது. 'இடையில் எங்கும் திறக்காதபடி' என்பதில்தான் உயிர் இருக்கிறது. நாம் தினமும் பயன்படுத்தும் மின்னஞ்சலும் கோப்பு மேகமும் போகும் வழியில் குறியாக்கம் செய்யும், சேவையகத்தில் நிறுவனம் நினைத்தால் திறக்கும். அது இந்த விதிக்குள் வராது. சாவி நம்மிடம் மட்டும் இருக்கும் ஏற்பாடு வேண்டும். இன்னொன்று, பெட்டியைத் திறக்கும் சாவியை வெளிநாட்டு நபரிடம் கொடுத்து அவர் திறந்து பார்த்தால், அது டிராயிங்கையே கொடுத்ததற்குச் சமம். மச்சினனுக்குப் பூட்டிய கோப்பும் பாஸ்வேர்டும் அனுப்பிவிட்டு, குறியாக்கம் செய்துதானே அனுப்பினேன் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவுக்குள் இரண்டு அலுவலகங்களுக்கு இடையே அனுப்ப இது நல்ல கருவி. வெளிநாட்டில் விலை வாங்க இது வழியே இல்லை.

வெளிநாட்டில்தான் விலை வாங்க வேண்டும் என்றால்

கோவை விலைக்கும் ஒஹையோ விலைக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியாததல்ல. அதற்கு முறையான பாதை இருக்கிறது. ஐடாரின் 124.13 பிரிவு, வெளிநாட்டில் பாகம் செய்து வாங்குவதற்காக டிராயிங்கை அனுப்ப, சில நிபந்தனைகளோடு வெளியுறவுத் துறையிடம் டிஎஸ்பி-5 என்ற ஏற்றுமதி உரிமம் கேட்க வழி செய்கிறது. உரிமம் வாங்கி, அதில் சொன்ன ஆளுக்கு, சொன்ன டிராயிங்கை மட்டும் அனுப்பலாம். டெண்டர் முடியும் தேதிக்குள் உரிமம் கைக்கு வருவது அரிது என்பதுதான் நடைமுறைச் சிக்கல். வருடா வருடம் திரும்பத் திரும்ப வாங்கப்படும் பாகத்துக்கு, அடுத்த சுற்றை மனதில் வைத்து இப்போதே விண்ணப்பிக்கலாம். ஒரு தடவை வந்து போகும் டெண்டருக்கு வீண். அந்த டெண்டரே அமெரிக்கத் தயாரிப்பு வேண்டும் என்று கேட்கிறதா, விநியோக அறிக்கை வெளியே அனுப்ப இடம் கொடுக்கிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். உரிமம் இருந்தாலும் இந்தக் கதவுகள் தனியாகப் பூட்டியிருக்கும்.

125.4 பிரிவின் (சி) உட்பிரிவில் பாதுகாப்புத் துறை எழுத்தில் கேட்ட விலைப்புள்ளிக்குப் பதில் தருவதற்கென்றே ஒரு விலக்கு இருக்கிறது. அதைக் காட்டி ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். அந்த விலக்கு நேட்டோ நாடுகளுக்கும் ஆஸ்திரேலியா, ஜப்பான் போன்ற சிலவற்றுக்கும் உரியது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. 2018-இல் இந்தியாவுக்கு எஸ்டிஏ-1 தகுதி (சில பொருட்களைத் தனித்தனி உரிமம் இல்லாமல் அனுப்ப விடும் சலுகை) கிடைத்ததே என்றார். கிடைத்தது உண்மை. அது வணிகத் துறையின் ஈஏஆருக்குள் மட்டும் செல்லும் சலுகை, அதற்கும் நிபந்தனைகள் உண்டு. ஐடார் டிராயிங்குக்கு அது உதவாது.

நியூ ஜெர்சியில் நடந்த ஒரு வழக்கை மச்சினனிடம் சொன்னேன். இந்தியாவில் பிறந்த ஒரு பெண்மணி அங்கே ராணுவ உதிரி பாக நிறுவனம் நடத்தினார். பாதுகாப்புத் துறை டெண்டர்களுக்கான டிராயிங்குகளை உரிமம் இல்லாமல் இந்தியாவில் உள்ள தயாரிப்பாளருக்கு அனுப்பினார். பரிமாற்றத்துக்கு அவர் பயன்படுத்திய இடங்களில் ஒன்று, அவர் தன்னார்வமாகப் பார்த்துக்கொண்ட தேவாலய இணையதளத்தின் பாஸ்வேர்டு போட்ட பகுதி. அப்படிச் செய்து வந்த எஃப்-15 விமானப் பாகங்களின் தரம் தவறி, சுமார் 47 விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. 2016-இல் அவருக்கு 57 மாதச் சிறைத் தண்டனை. மச்சினன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "டிராயிங் வாங்கிக்கிட்ட ஆளுக்கும் பிரச்சனையா மாமா?" என்று கேட்டான். அமெரிக்க வழக்குகளில் வெளிநாட்டில் இருக்கும் கூட்டாளியின் பெயரும் சேரலாம் என்றேன். கோவையில் இருந்து விலை சொல்பவர்கள், வந்த டிராயிங்கின் ஓரத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள். அந்தக் கட்டம் இருந்து, உரிமத்தின் விவரம் எதுவும் வரவில்லை என்றால், திறந்ததை மூடிவிட்டு அனுப்பியவரைக் கேளுங்கள்.

கணினியைவிட ஆட்கள்தான் கடினம்

இதை எழுதுவதற்குக் காரணமே இந்தப் பகுதிதான். இதே பட்டறையில் நான் ஆறு வருடம் எச்-1பியில் இருந்தேன். வணிக வேலைகளில் எல்லா டிராயிங்கும் என் மேஜைக்கு வரும். அந்த அறைக் கதவு மட்டும் எனக்குத் திறக்காது. என்னைவிட அனுபவம் குறைந்த பையன் உள்ளே போவான், நான் வெளியே நிற்பேன். அது என்னைப் பற்றிய சந்தேகம் இல்லை, சட்டத்தின் வரையறை என்று புரிந்துகொள்ள நாளானது.

அந்த வரையறை இதுதான்: அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், அகதி அந்தஸ்தோ அடைக்கலமோ பெற்றவர்கள், இவர்கள் 'அமெரிக்க நபர்'. எச்-1பி, எல்-1 வேலை விசாக்காரர்கள், எஃப்-1 மாணவர்கள் 'வெளிநாட்டு நபர்'. ஐடார் டிராயிங்கை அவர்களுக்குக் காட்ட உரிமம் வேண்டும். எச்-1பி மனுவுக்கான ஐ-129 படிவத்தின் ஆறாம் பகுதியில், இந்த ஊழியருக்குத் தொழில்நுட்பத்தை வெளியிட உரிமம் தேவையா என்று முதலாளி உறுதி கொடுக்க வேண்டும். நிறையப் பேர் அந்தப் பெட்டியை யோசிக்காமல் டிக் செய்கிறார்கள். ராணுவ டெண்டர் பார்க்க ஆரம்பித்த நாளில் அந்த டிக் திரும்பிப் பார்க்கப்பட வேண்டும்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. ஐடார் வேலை, ஆகவே குடிமக்கள் மட்டும் விண்ணப்பிக்கவும் என்று வேலை விளம்பரம் கொடுப்பது சட்டப்படி செல்லாது. கிரீன் கார்டு வைத்திருப்பவரும் அடைக்கலம் பெற்றவரும் இந்த விஷயத்தில் குடிமகனுக்குச் சமம். ஏற்றுமதிச் சோதனை என்ற பேரில் கிரீன் கார்டு ஊழியர்களிடம் கூடுதல் ஆவணம் கேட்டதற்காக ஜெனரல் மோட்டார்ஸ் 2023-இல் 3,65,000 டாலர் அபராதம் கட்டியது. அதனால் எந்த வழியை எடுத்தாலும், 'யார் பார்க்கலாம்' பட்டியலை வேலைக்கு எடுக்கும் படிவத்திலிருந்து தனியாக வையுங்கள்.

கணினி பராமரிப்பை வெளி நிறுவனத்திடம் விட்டிருந்தால், இரவு நேர உதவிக்கு வருபவர் சென்னையிலோ மணிலாவிலோ இருக்கலாம். டிராயிங் உள்ள கணினியில் அவருக்கு நிர்வாகி உரிமை இருக்கிறதா? பார்க்க வழி இருப்பது மட்டும் வெளியீடு ஆகாது, பார்த்தால்தான் ஆகும். ஆனால் பார்க்கவில்லை என்று காட்டும் பதிவு நம்மிடம் இருக்க வேண்டுமே. தனிக் கணினி இதில் தெளிவாக ஜெயிக்கிறது, ஏனென்றால் அதற்குள் ரிமோட்டில் யாருமே வர முடியாது.

ஊருக்குப் போகும்போது லேப்டாப். டென்னசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் விமானப் படை ஒப்பந்தத்தின் தரவை வெளிநாட்டு மாணவர்களுக்குக் காட்டியதற்கும், தரவு இருந்த லேப்டாப்பைச் சீனாவுக்கு எடுத்துப் போனதற்கும் சேர்த்து 2008-இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, நாலு வருடத் தண்டனை பெற்றார். அமெரிக்க ஊழியர் தன் சொந்த உபயோகத்துக்காக எடுத்துப் போக நிபந்தனைகளோடு விலக்கு இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவருக்கு அந்த விலக்கைப் படித்து முடிப்பதைவிட லேப்டாப்பை அலமாரியில் வைத்துப் பூட்டுவது சுலபம்.

எங்கள் கணக்கு, உங்கள் கணக்கு

மாதத்துக்கு நாலைந்து டெண்டர் பார்க்கும், ஒரே கட்டடத்தில் உள்ள பட்டறைக்கு நான் தனிக் கணினியைத்தான் சொல்வேன். செலவு கம்மி, யார் பார்த்தார்கள் என்று ஒரு நோட்டிலேயே காட்டலாம், தப்பு நடந்தாலும் அது எங்கே நின்றது என்று தெரியும். முதல் ராணுவ வேலை கிடைத்துவிட்டால் அரசு மேகத்துக்கு மாறும் வேலையை அந்த வாரமே ஆரம்பியுங்கள். இரண்டாவது வேலை வரட்டும் என்று காத்திருந்தவர்கள் பின்னால் அவசரத்தில் இரட்டிப்புச் செலவு செய்ததைப் பார்த்திருக்கிறேன். ஊழியர்களில் பாதிக்கு மேல் விசாவில் இருக்கும் மென்பொருள் நிறுவனமென்றால் தனிக் கணினி உங்களைக் காப்பாற்றாது, ஏனென்றால் வேலையைச் செய்யப்போகிறவர்களே அதைப் பார்க்க முடியாதவர்கள். நீங்கள் முதலில் பொதுத் தரவு டெண்டர்களில் நில்லுங்கள், இல்லையென்றால் அமெரிக்க நபர்கள் மட்டும் கொண்ட தனிக் குழுவை முதலில் கட்டுங்கள். வெளிநாட்டு விலையை நம்பி மட்டுமே வியாபாரம் நடத்துகிறவர் உரிமம் கைக்கு வரும்வரை இந்தப் பக்கம் வராமல் இருப்பதே நல்லது.

தப்பு நடந்துவிட்டால் மறைக்காதீர்கள். தானாக முன்வந்து தெரிவிப்பதற்கு ஐடாரில் தனிப் பிரிவே இருக்கிறது, தண்டனையைத் தீர்மானிக்கும்போது அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஹனிவெல் தன் மீறல்களைத் தானே முன்வந்து சொன்னது.

மச்சினனுக்கு அந்த வாரம் வேறொரு டிராயிங் அனுப்பினேன், வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப்பின் இம்பெல்லர். அதற்கு மதியத்துக்குள் விலை சொல்லிவிட்டான். பிராக்கெட் எங்களுக்குக் கிடைக்கவில்லை, வேறு யாரோ குறைந்த விலை போட்டிருந்தார்கள். தோற்ற டெண்டரின் டிராயிங்கையும் பாதுகாக்கும் கடமை தீர்வதில்லை, அதனால் முடிவு வந்த அன்றே அழித்துவிடுவது எங்கள் பழக்கம். கோப்பை அழித்தேன், மூன்று தாள்களையும் எண் சரிபார்த்து ஷ்ரெடரில் விட்டேன், பதிவேட்டில் அந்த வரிக்கு நேரே தேதி போட்டுக் கையெழுத்து வைத்தேன்.